ஆறு கேபிள் இடைவெளி: 1893இல் 'விக்டோரியா' மூழ்கிய நிகழ்வும் அதன் தளபதியும்

நிகழ்வு

1893 ஜூன் 22, வியாழக்கிழமை பிற்பகல். இன்றைய லெபனானின் வடகரையில் உள்ள திரிபோலி நகருக்கு எதிரே கடல் அமைதியாக இருந்தது. வானிலையும் நன்றாக இருந்தது. பிரிட்டிஷ் மத்தியதரைக்கடல் படையின் தலைமைக் கப்பலான விக்டோரியாவை, அதே படையின் இரண்டாம் நிலைத் தளபதி பயணம் செய்த கேம்பர்டவுன் இடித்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, விக்டோரியா கவிழ்ந்து மூழ்கிவிட்டது. 358 பேர் இறந்தார்கள். எதிரிக் கப்பல் எதுவும் அங்கே இல்லை. இயந்திரமோ சுக்கானோ பழுதாகவும் இல்லை. கொடுத்த கட்டளையை இரு கப்பல்களும் அப்படியே நிறைவேற்றின, அவ்வளவுதான்.

கட்டளையிட்டவர் வைஸ் அட்மிரல் சர் ஜார்ஜ் ட்ரையன். கப்பல்களைக் கையாள்வதில் அன்றைய பிரிட்டிஷ் கடற்படையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது பொதுவான பேச்சு. கட்டளை தவறு என்பது அது நிறைவேறும் முன்பே குறைந்தது நான்கு அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது அல்லது உறுத்தியிருந்தது. தெரிந்தும் அது ஏன் நிற்கவில்லை என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ட்ரையனைத் தவிர மற்றவர்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். இங்கே பார்க்க வேண்டியது அவர்கள் நின்ற இடத்தை.

பின்னணி: தளபதி

ட்ரையன் 1832இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் படித்துவிட்டு 1848இல், பதினாறு வயதில் கடற்படையில் சேர்ந்தார். மற்ற பையன்கள் இன்னும் சிறு வயதிலேயே சேர்ந்துவிடும் காலம் அது. கிரிமியப் போரில் செவஸ்தபோல் முற்றுகையின்போது கரையில் இறங்கிப் பீரங்கி இயக்கிய கடற்படைப் பிரிவில் இருந்தார். கடலோடும் பிரிட்டிஷ் இரும்புக் கவசக் கப்பல்களில் முதலாவதான வாரியர் 1861இல் சேவைக்கு வந்தபோது அதில் கேப்டனுக்கு அடுத்த பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

அவர் பெயரை மேலிடம் கவனிக்க வைத்தது கடற்போர் அல்ல, சரக்கு இறக்கும் வேலை. 1867-68இல் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது பிரிட்டன் படையெடுத்தபோது, செங்கடல் ஓரத்தில் அன்னெஸ்லி வளைகுடாவில் போக்குவரத்துக் கப்பல்களுக்குப் பொறுப்பு அவர். குடிநீர்கூட இல்லாத கரை அது. கப்பல் கொதிகலன்களில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் குடிக்க வேண்டும். அந்தக் கரையில் இந்தியாவிலிருந்து வந்த படைகள், கோவேறு கழுதைகள், பீரங்கி சுமக்க 44 யானைகள் என்று எல்லாம் இறங்கின. வந்த படைகளில் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற படைப் பொறியியல் பிரிவும் உண்டு. அந்தக் குழப்பத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததில் ட்ரையனுக்குப் பெரும் பங்கு.

அதன்பின் ஏறுமுகம்தான். கடற்படை அமைச்சரின் தனிச் செயலர், 1882இல் கடற்படைத் தலைமையகத்தின் நிரந்தரச் செயலர், 1884 முதல் 1887 வரை ஆஸ்திரேலியப் படைத் தளபதி. அங்கே காலனிகள் கப்பல் செலவில் பங்கேற்கும் உடன்பாட்டுக்கு வழி செய்தார். 1888 கோடைக்காலப் பயிற்சிப் போரில் 'எதிரி'ப் படையை நடத்தினார். அயர்லாந்துத் துறைமுகங்களில் அவரை முற்றுகையிட்டிருந்த பெரிய படையிடமிருந்து நழுவிப்போய் லிவர்பூலைப் 'பிடித்து'க் காட்டினார். பத்திரிகைகள் அலறின. 1891இல் கடற்படையின் மிகப் பெரிய பொறுப்பான மத்தியதரைக்கடல் படை அவரிடம் வந்தது.

ஆள் நல்ல உயரம், பருமன், தாடி, கனத்த குரல். கண்டிப்பானவர், ஆனால் கீழுள்ளவர்களிடம் அன்பில்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு வழக்கத்தை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நகர்வை முடித்த பிறகு கேப்டன்களோடு அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிப்பார். செய்வதற்கு முன் யாரையும் கலந்தாலோசிப்பதில்லை.

பின்னணி: கொடியில்லாத முறை

அன்றைய கடற்படையில் ஒவ்வொரு நகர்வும் கொடிச் சைகையால் நடந்தது. தலைமைக் கப்பல் கொடிகளை ஏற்றும். மற்றக் கப்பல்கள் சைகைப் புத்தகத்தைப் புரட்டிப் பொருள் பார்த்து, அதே கொடிகளை ஏற்றி 'புரிந்தது' என்று காட்டும். புரியவில்லை என்றால் கொடியைப் பாதி உயரத்தில் நிறுத்தும். எல்லோரும் முழுவதும் ஏற்றிய பிறகு தலைமைக் கப்பல் கொடியை இறக்கும். அந்த நொடியில் நகர்வு தொடங்க வேண்டும்.

போரில் இது உதவாது என்றார் ட்ரையன். புகையில் கொடி தெரியாது, கொடிமரமே குண்டடிபட்டு விழலாம். தலைமைக் கப்பல் எப்படித் திரும்புகிறதோ அதைப் பார்த்துத் தாமே முடிவெடுக்கக் கேப்டன்களைப் பழக்க வேண்டும் என்பது அவர் வாதம். 'டி.ஏ.' என்ற இரண்டெழுத்துக் கொடி ஏறினால், இனிச் சைகை இல்லை, தலைவரைப் பார்த்துப் பின்தொடருங்கள் என்று பொருள். எதிர்ப்பு நிறைய இருந்தது. ஆனாலும் தம் படையில் விடாமல் பழக்கினார்.

அவர் வாதம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பயிற்சி நடந்த விதத்தில் ஒரு பக்கவிளைவு இருந்தது. முன்னறிவிப்பில்லாமல் சிக்கலான நகர்வு ஒன்றைத் தொடங்குவார். கேப்டன்கள் திணறுவார்கள். முடிவில் எல்லாம் அழகாக அமைந்துவிடும். இரண்டு வருடம் இப்படியே போனால் கேப்டன் கற்றுக்கொள்வது என்ன? புதிர் புரியாவிட்டாலும் தளபதியிடம் விடை இருக்கும் என்பதைத்தான்.

ஜூன் 22 அன்று நடந்த நகர்வுக்கு டி.ஏ. முறை பயன்படவில்லை. வழக்கமான கொடிச் சைகைதான். பின்னாளில் பழி அந்த முறையின் தலையில் விழுந்ததால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கு

கேபிள் என்பது ஏறக்குறைய 185 மீட்டர், ஒரு கடல்மைலில் பத்தில் ஒரு பங்கு. படை இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. வலப்பக்க வரிசைக்கு விக்டோரியா தலைமை, இடப்பக்க வரிசைக்குக் கேம்பர்டவுன். இரண்டு வரிசைகளும் உட்பக்கமாக, ஒன்றையொன்று நோக்கி, முழுவதும் திரும்பி வந்த வழியே போக வேண்டும். தெருவின் இரு ஓரங்களிலும் ஒரே திசையில் போகும் இரண்டு பேருந்துகள் ஒரே நேரத்தில் உள்பக்கமாக ஒடித்துத் திரும்புவது போன்ற வேலை இது.

வழக்கமான சுக்கான் ஒடிப்பில் இப்படிப்பட்ட கப்பல் திரும்பும் வட்டத்தின் விட்டம் 4 கேபிள். இரண்டு கப்பல்களுக்கு 8 கேபிள். அதாவது 8 கேபிள் இடைவெளி இருந்தால் இரண்டும் ஒட்டி நிற்கும். நடுவே 2 கேபிள் பாதுகாப்பு வேண்டுமென்றால் 10 கேபிள் தேவை. சுக்கானை முழுக்க ஒடித்தாலும் விட்டம் 3 கேபிள் அளவுக்குத்தான் குறையும். மூன்றும் மூன்றும் ஆறு. 6 கேபிள் இடைவெளியில் உரசாமல் தப்பவே முடியாது.

ட்ரையன் சைகை கொடுத்தது 6 கேபிளுக்கு.

ஜூன் 22: கட்டளைக்கு முன்

படை அன்று காலை பெய்ரூட்டிலிருந்து கிளம்பியிருந்தது. முதல் பிரிவில் ஆறு கப்பல்கள், இரண்டாம் பிரிவில் ஐந்து. வேகம் மணிக்கு 9 கடல்மைலுக்குச் சற்றுக் குறைவு. திரிபோலிக்கு எதிரே திரும்பி, நெருக்கமான ஒழுங்கான அணியில் ஒரே நேரத்தில் நங்கூரமிட வேண்டும் என்பது ட்ரையனின் திட்டம்.

பிற்பகல் இரண்டு மணியளவில் தம் அறைக்குத் தலைமைக் கப்பலின் கேப்டனையும் வழிசெலுத்தும் அதிகாரியையும் அழைத்துத் திட்டத்தைச் சொன்னார். இரண்டு வரிசை, 6 கேபிள் இடைவெளி, உட்பக்கத் திருப்பம். வழிசெலுத்தும் அதிகாரி உடனே, எட்டு கேபிளாவது வேண்டும் என்றார். "ஆமாம், எட்டாக இருக்கட்டும்" என்றார் ட்ரையன். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சற்று நேரத்தில் கொடி அதிகாரி, அதாவது தளபதியின் சைகைகளைக் கவனிக்கும் உதவியாளர், அறைக்குள் போனார். அவரிடம் 6 கேபிள் என்றே கட்டளை வந்தது. கையில் கொடுத்த துண்டுச் சீட்டிலும் '6' என்று எழுதியிருந்தது. சைகை ஏறியதைப் பார்த்த வழிசெலுத்தும் அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொடி அதிகாரியைத் திரும்ப அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார். அந்த நேரம் கேப்டன் உள்ளே ட்ரையனுடன் இருந்தார். கேம்பர்டவுனின் வட்டம் 800 கஜம், அதாவது 4 கேபிள், என்று அவரும் நினைவூட்டினார். "ஆறாகவே இருக்கட்டும்" என்பதே பதில்.

கேப்டன் அதற்குமேல் பேசவில்லை. வழிசெலுத்தும் அதிகாரி தாமாக உள்ளே போகவில்லை. நான் இந்த நிகழ்வில் அதிகம் நின்று பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஆட்சேபம் எழவில்லை என்று சொல்லவே முடியாது. இரண்டு முறை எழுந்தது. முதல் முறை ஏற்கப்பட்டது, ஆனால் வாய்ச்சொல்லோடு நின்றது, சீட்டில் ஏறவில்லை. இரண்டாம் முறை பதில் வந்தது, காரணம் வரவில்லை. 'முதலில் எட்டு என்றீர்களே' என்ற ஒரு வாக்கியம் மட்டும் எங்கும் ஒலிக்கவில்லை.

ஜூன் 22: கட்டளையும் மோதலும்

மூன்றரை மணியை ஒட்டித் திருப்பத்துக்கான கொடிகள் ஏறின. இரண்டு பிரிவுகளுக்கும் தனித்தனிச் சைகை. முதல் பிரிவு இடப்பக்கமாக, இரண்டாம் பிரிவு வலப்பக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக முழுத் திருப்பம், படையின் ஒழுங்கு மாறாமல்.

கேம்பர்டவுனில் இருந்த இரண்டாம் நிலைத் தளபதி கோழையோ அனுபவமில்லாதவரோ அல்ல. 1876இல் வடதுருவப் பயணத்தில் அதுவரை மனிதர் போயிராத வட எல்லையைத் தொட்டு வந்தவர். சைகையைப் பார்த்ததும் இது நடக்காது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கொடியைப் பாதி உயரத்தில் நிறுத்தினார். சந்தேகத்தைக் கைக்கொடி மூலம் கேட்கச் சொல்லி, அதற்கான ஏற்பாடு தொடங்கியிருந்தது.

அதற்குள் தலைமைக் கப்பலிலிருந்து கேள்வி வந்தது: "எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?"

இது தனியாகக் காதில் சொன்ன வார்த்தை அல்ல. படை முழுவதும் பார்த்துப் படிக்கக்கூடிய சைகை. பதினொரு கப்பல்களின் முன்னிலையில் ஒரு அட்மிரலுக்குக் கிடைத்த அதட்டல் அது. அந்தச் சில நொடிகளில் அவர் மனத்தில் ஒரு விளக்கமும் தோன்றியது. தளபதி தம் வரிசையை நமக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோகப் போகிறார் போலும், அதனால்தான் இரண்டு தனிச் சைகைகள் என்று நினைத்துக்கொண்டார். பின்னால் விசாரணையில் அப்படித்தான் சொன்னார். கொடியை முழுவதும் ஏற்றினார்.

3.31க்குத் திருப்பம் தொடங்கியது. விக்டோரியாவின் மேல்தளத்தில் கேப்டன், அந்தக் கப்பலை மிகவும் நெருங்கிவிடுவோம் என்றார். ட்ரையன் பின்னால் வரும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருபக்க இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்க அனுமதி வேண்டும் என்று கேப்டன் கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார், மறுபடியும். அனுமதி கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது. தம் கப்பலைக் காப்பாற்றும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு. ஆனால் தளபதி பக்கத்தில் நிற்கும்போது அதை எடுத்துக்கொள்ள அவருக்குக் கை வரவில்லை.

3.34க்கு கேம்பர்டவுனின் நீருக்கடியில் நீட்டியிருக்கும் இடிமூக்கு, விக்டோரியாவின் வலப்பக்க முன்பகுதியில் ஒன்பது அடி ஆழம் புகுந்தது.

மூழ்கிய நிமிடங்கள்

இடித்த கப்பலைப் பின்வாங்கச் செய்ததும் ஓட்டை திறந்துகொண்டது. ஏறக்குறைய நூறு சதுர அடி. வெயில் கொளுத்தும் பிற்பகல் என்பதால் காற்றுக்காகச் சாளரங்களும் உள் கதவுகளும் திறந்து கிடந்தன. நீர்புகாக் கதவுகளை மூடும் கட்டளை மோதலுக்கு ஒரு நிமிடம் முன்னர்தான் வந்தது. அவற்றை முழுவதும் மூட அதைவிட அதிக நேரம் பிடிக்கும். விக்டோரியாவின் முன்தளம் இயல்பாகவே தாழ்வு. அது நீரில் அமிழ்ந்ததும், திறந்திருந்த கதவுகள் வழியாகவும் பீரங்கிக் கூண்டின் வாய் வழியாகவும் கடல் உள்ளே பாய்ந்தது.

ட்ரையன் கப்பல் மிதக்கும் என்றே நம்பினார். கரையை நோக்கி ஓட்டித் தரைதட்டச் செய்ய முயன்றார். உதவிக்குப் படகிறக்கத் தொடங்கிய மற்றக் கப்பல்களையும் வேண்டாமென்று தடுத்தார். இந்த ஒரு முடிவு எத்தனை உயிரை வாங்கியது என்று யாராலும் கணக்கிட முடியாது, வாங்கியது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. மேல்தளத்தில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் வரிசை கலையாமல் நின்றார்கள். கீழே இயந்திர அறையில் இருந்தவர்களுக்கு வெளியேறும் கட்டளை போய்ச் சேரவே இல்லை. கப்பல் வலப்பக்கமாகக் கவிழ்ந்து, தலைகீழாக இறங்கியபோதும் பின்பக்கச் சுழலிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நீந்தியவர்கள் சிலர் அவற்றில் சிக்கினார்கள்.

357 பேர் பிழைத்தார்கள். கேப்டன் பிழைத்தார். காய்ச்சலில் படுத்திருந்த அவருடைய உதவித் தளபதியும் பிழைத்தார். முதல் உலகப் போரில், 1916இல் ஜெர்மன் கடற்படையோடு நடந்த ஜட்லாந்துச் சமரில் பிரிட்டிஷ் படையை நடத்தியவர் அவர்தான். ட்ரையன் பிழைக்கவில்லை. எல்லாம் என் தவறு என்று அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். கேம்பர்டவுனும் முன்பகுதி கிழிந்து, மூழ்காமல் தப்பியது. விக்டோரியாவின் உடல் 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது, சுமார் 140 மீட்டர் ஆழத்தில், முன்பகுதி சேற்றில் புதைந்து செங்குத்தாக.

விசாரணை

ஜூலையில் மால்டாவில் ராணுவ நீதிமன்றம் கூடியது. கப்பல் இழப்புக்காகக் கேப்டனும் பிழைத்தவர்களும் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். மோதலுக்குக் காரணம் ட்ரையனின் கட்டளை என்று தீர்ப்பு சொன்னது. இரண்டாம் நிலைத் தளபதி தம் சந்தேகத்தை முதலில் நினைத்தபடி கேட்டு முடிக்காதது வருந்தத்தக்கது என்றது. கூடவே, நேரில் இருக்கும் தலைமைத் தளபதியின் கட்டளையை நிறைவேற்றியதற்காக ஒருவரைக் குற்றம் சொல்வது கடற்படைக்கே கேடு என்றும் சொன்னது. இரண்டு வாக்கியங்களும் ஒரே தீர்ப்பில் இருக்கின்றன. முதலாவதை நம்புகிறவர் இரண்டாவதை எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம். தலைமையகம் பின்னர் இன்னும் கடுமையான சொற்களில் அவரைக் குறைசொன்னது. ஆனாலும் அவர் பணி முடியவில்லை, 1901இல் இங்கிலாந்திலேயே நோர் படைத் தளபதி ஆனார்.

ட்ரையன் ஏன் அப்படிச் செய்தார்?

இறந்தவரிடம் கேட்க முடியாது. விளக்கங்கள் இரண்டு வலுவாக நிற்கின்றன. ஒன்று, இரண்டாம் நிலைத் தளபதி நினைத்தது போல ஒரு வரிசையை மற்றதன் வெளியே சுற்றிக் கொண்டுபோகும் எண்ணம். ஆனால் விக்டோரியா அப்படி ஓடவில்லை, தளபதியே மேல்தளத்தில் நிற்க அது நேராக உள்ளே திரும்பியது. இரண்டாவது, வட்டத்தின் ஆரத்தையும் விட்டத்தையும் மாற்றிப் போட்டது. திருப்பத்துக்குப் பின் 2 கேபிள் இடைவெளியில் நங்கூரமிட வேண்டும். ஒவ்வொரு கப்பலும் 2 கேபிள் உள்ளே வரும் என்று நினைத்தால் கணக்கு ஆறிலிருந்து நான்கு போக இரண்டு என்று அழகாக முடிகிறது. நான் இதைத்தான் நம்புகிறேன். கணக்கு அவர் தலைக்குள் சரியாக வந்திருந்தது. அதனால்தான் மற்றவர்கள் 'எட்டு' என்றபோது அதைத் திருத்தமாக எடுத்துக்கொள்ளாமல், மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு ஆறுக்கே திரும்பியிருக்கிறார்.

பிறகு

டி.ஏ. முறை ட்ரையனோடு போயிற்று. அதை வெறுத்தவர்களுக்கு மோதல் நல்ல சாக்கு ஆனது. கேப்டன்கள் தாமாக யோசிக்க வேண்டும் என்ற பேச்சே சந்தேகத்துக்கு உரியதாகி, நுணுக்கமான சைகைக்குக் காத்திருக்கும் பழக்கம் மேலும் இறுகியது. ஜட்லாந்தில் கொடி தெரியாததாலும் சைகை பிந்தியதாலும் வந்த தொல்லைகள் ட்ரையன் முன்பே எச்சரித்தவைதான்.

எதை மாற்றியிருக்க வேண்டும்

கடற்படையை விட்டுத் தள்ளி, ஒருவர் சொல்லிப் பலர் செய்யும் எந்த வேலையிலும் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாயால் ஒத்துக்கொண்ட எண் எழுத்தில் வரும்வரை ஒத்துக்கொள்ளப்பட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டு என்று சொன்ன அதிகாரியே சீட்டை எழுதித் தளபதியிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். அப்படி ஒரு நடைமுறை அன்று இல்லை. தூதனுப்பிச் சரிபார்த்ததும் பலவீனம்தான். கொடி அதிகாரி ஒரு எண்ணைக் கேட்டு ஒரு எண்ணோடு திரும்பினார். ஏன் ஆறு என்று கேட்கும் தகுதி அவருக்கு இல்லை.

கேள்வி கேட்பவரின் கொடி பாதியில் நிற்கும்போது அவசரப்படுத்தும் சைகை கொடுக்க யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது, தளபதிக்கும்தான். 'புரியவில்லை' என்ற கொடியை முறை அனுமதித்தது. அதற்குப் பதில் அதட்டலாக வரும் என்றால் அந்தக் கொடி அலமாரியில் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

மூன்றாவது, கதவுகள். பின்னர் நடந்த தொழில்நுட்ப ஆய்வு, கதவுகளும் திறப்புகளும் நேரத்தோடு மூடியிருந்தால் கப்பல் மூழ்கியிருக்காது என்ற முடிவுக்கு வந்தது. நெருக்கமான நகர்வு எதற்கும் முன்பே அவற்றை மூடிவைக்க வேண்டும். ஜூன் மாத வெயிலில், கீழ்த்தளத்தில் அது சகிக்க முடியாத புழுக்கம். மாலுமிகள் முணுமுணுப்பார்கள், அதிகாரிகள் இன்றைக்கு மட்டும் திறந்திருக்கட்டும் என்பார்கள். அதனால் இதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல், வரிசை மாறும் சைகை ஏறும்போதே கதவு மூடும் கட்டளையும் சேர்ந்து போகும்படி நிலையான விதியாக எழுதிவைப்பதுதான் வழி.